குழந்தை நிமோனியா: கிருமியா, மரபா, வெயிலா?

ஒரு தெருவில் பத்துக் குழந்தைகள் இருக்கிறார்கள். மழைக்காலம் வருகிறது. பத்துப் பேருக்கும் மூக்கு ஒழுகுகிறது, இருமல் பிடிக்கிறது. ஒரு வாரத்தில் ஒன்பது பேர் தேறி மீண்டும் விளையாட வந்துவிடுகிறார்கள். ஒரு குழந்தைக்கு மட்டும் சளி நெஞ்சில் இறங்கி, மூச்சு வாங்கி, மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதாகிறது. எல்லாரும் சுவாசித்தது ஒரே காற்று. அப்படியிருக்க, நோய் ஏன் ஒரு குழந்தையை மட்டும் பிடித்தது?

இது வெறும் ஆர்வக் கேள்வியன்று. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2019ஆம் ஆண்டில் மட்டும் ஐந்து வயதுக்குட்பட்ட சுமார் 7,40,000 குழந்தைகள் நிமோனியாவால் மாண்டனர். அந்த வயதில் நேர்ந்த மரணங்களில் ஏறக்குறைய ஏழில் ஒன்று இந்நோயால் நேர்ந்தது. யாருக்கு நோய் முற்றும், ஏன் முற்றும் என்பது தெரிந்தால் பல உயிர்களைக் காக்கலாம் அல்லவா? இந்தக் கேள்விக்கு விடை தேடி மருத்துவர்கள் நடந்த நெடிய பாதையை இங்கே காண்போம்.

எச்சிலில் இருந்த கிருமி

நிமோனியாவை உண்டாக்கும் நுண்ணுயிர்களில் முக்கியமானது நியூமோகாக்கஸ். இதை 1881இல் இருவர் தனித்தனியே கண்டறிந்து அறிவித்தனர். ஒருவர் பிரான்சு நாட்டின் லூயி பாஸ்டர்; மற்றவர் அமெரிக்க ராணுவ மருத்துவர் ஜார்ஜ் ஸ்டெர்ன்பெர்க். ஸ்டெர்ன்பெர்க்குக்கு இக்கிருமி எங்கே கிடைத்தது தெரியுமா? அவருடைய சொந்த எச்சிலில்! அந்த எச்சிலை முயல்களுக்குச் செலுத்தினார், முயல்கள் இறந்தன. அவரோ நலமாகவே நடமாடிக்கொண்டிருந்தார்.

முயலைக் கொல்லும் கிருமி ஒரு மனிதரின் வாயில் அமைதியாகக் குடியிருக்கிறது. ஆகவே கிருமி இருந்தால் மட்டும் நோய் வந்துவிடாது; விதையோடு நிலத்தையும் பார்க்க வேண்டும் என்பது அன்றே புலனாயிற்று. நிலம் என்று நாம் சொல்வது குழந்தையின் உடல். அந்த உடலின் வலுவைத் தீர்மானிப்பவை எவை? ஊட்டமா, பிறப்பில் வந்த மரபா? முதலில் ஊட்டத்தின் கதையைப் பார்ப்போம். அது நுரையீரலில் தொடங்கவில்லை, எலும்பில் தொடங்கியது.

வெயில் படாத குழந்தைகள்

17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துக் குழந்தைகளிடையே ஒரு நோய் பரவலாகக் காணப்பட்டது. கால்கள் வில்போல் வளையும், மண்டை பருக்கும், மார்புக்கூடு ஒடுங்கும், விலா எலும்புகளின் நுனியில் மணிமாலை கோத்தது போல முடிச்சுகள் தோன்றும். ரிக்கெட்ஸ் என்ற இந்த எலும்பு நோயைப் பற்றி 1645இல் டேனியல் விஸ்லர் என்ற ஆங்கிலேய மாணவர் ஹாலந்தின் லைடன் பல்கலைக்கழகத்தில் ஆய்வுரை எழுதினார். 1650இல் பிரான்சிஸ் கிளிசன் அதை விரிவாக விளக்கி நூல் வெளியிட்டார். நோயின் உருவம் தெரிந்தது, காரணம் தெரியவில்லை.

1822இல் போலந்து நாட்டு மருத்துவர் சினியாடெக்கி ஒன்றைக் கவனித்தார். வார்சா நகரின் நெருக்கமான சந்துகளில் வளரும் குழந்தைகளுக்கு இந்நோய் மிகுதி. சுற்றுப்புறக் கிராமங்களில் அரிது. சூரிய ஒளி இல்லாமையே காரணம் என்றார். 1890இல் தியோபால்டு பாம் என்ற ஆங்கிலேய மருத்துவரும் அதே முடிவுக்கு வந்தார். ஜப்பானில் பல ஆண்டுகள் பணிபுரிந்த அவர் அங்கே ரிக்கெட்ஸைக் காணவில்லை. தாயகம் திரும்பியதும் அந்நோய் எங்கும் கண்ணில் பட்டது. கீழை நாடுகளில் இருந்த மருத்துவர்களுக்குக் கடிதம் எழுதி விவரம் திரட்டினார். வறுமை மிகுந்த நாடுகளிலும் வெயில் இருந்தால் நோய் இல்லை என்று தெரிந்தது.

இந்தியாவிலும் இதற்குச் சான்று கிடைத்தது. 1922இல் ஹட்சிசன், ஷா ஆகியோர் நாசிக் பகுதியில் செய்த ஆய்வை வெளியிட்டனர். வெயிலில் உழைக்கும் ஏழைகளின் பிள்ளைகளிடம் ரிக்கெட்ஸ் அரிதாகவே இருந்தது. பர்தா வழக்கத்தால் வீட்டுக்குள்ளேயே அடைந்து வாழ்ந்த வசதி படைத்த குடும்பங்களில் அது காணப்பட்டது. பாலும் நெய்யும் இருந்தும் பயனில்லை, வெயில் இல்லை!

மீன் எண்ணெயும் விளக்கொளியும்

1919ஆம் ஆண்டில் இரண்டு கண்டுபிடிப்புகள் நிகழ்ந்தன. லண்டனில் எட்வர்டு மெல்லன்பி நாய்க்குட்டிகளை வீட்டுக்குள் வைத்து ஓட்ஸ் கஞ்சி முதலிய உணவு கொடுத்து வளர்த்தார். அவற்றுக்கு ரிக்கெட்ஸ் வந்தது. காட் மீனின் கல்லீரல் எண்ணெயைக் கொடுத்ததும் அது விலகியது. ஆகவே நோய்க்குக் காரணம் உணவில் உள்ள குறை என்றார். பெர்லினில் குர்ட் ஹுல்ட்ஷின்ஸ்கி நோயுற்ற குழந்தைகள் மீது பாதரச விளக்கின் புற ஊதாக் கதிர்களைப் பாய்ச்சினார். எலும்புகள் தேறின. ஒரு கையில் மட்டும் ஒளியைப் பாய்ச்சியபோது மறு கையின் எலும்பும் தேறியது! தோலில் உண்டாகும் ஏதோ ஒரு பொருள் ரத்தத்தின் வழியே உடல் முழுவதும் செல்கிறது என்பதற்கு இது நல்ல சான்று.

எண்ணெயா, ஒளியா? இரண்டும் ஒன்றே என்று பின்னர் தெளிவாயிற்று. 1922இல் அமெரிக்காவின் மெக்காலம் மீன் எண்ணெயில் இருந்த அப்பொருளுக்கு வைட்டமின் டி என்று பெயரிட்டார். நம் தோலில் உள்ள கொழுப்புப் பொருள் ஒன்று புற ஊதாக் கதிர் பட்டதும் இதே வைட்டமினாக மாறுகிறது. அது ரத்தத்தில் ஒரு புரதத்தின் முதுகில் ஏறிக் கல்லீரலுக்குச் செல்கிறது. அங்கே ஒரு மாற்றம். பிறகு சிறுநீரகத்தில் இன்னொரு மாற்றம். அதன் பின்னரே செயல்படும் வடிவம் கிடைக்கிறது. இந்த மூன்று கட்டங்களையும் வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். மரபைப் பற்றிப் பேசும்போது இவை மீண்டும் வரும்.

அடிஸ் அபாபாவின் கணக்கு

இனி எலும்பிலிருந்து நுரையீரலுக்கு வருவோம். ரிக்கெட்ஸ் உள்ள குழந்தைகளுக்கு நெஞ்சுச் சளி அடிக்கடி வருவதைக் குழந்தை மருத்துவர்கள் நெடுங்காலமாகக் கண்டிருந்தனர். ஆனால் கண்டது வேறு, எண்ணிப் பார்ப்பது வேறு. 1997இல் எத்தியோப்பியாவின் தலைநகர் அடிஸ் அபாபாவில் லுலு முஹேயும் அவருடைய குழுவினரும் எண்ணிப் பார்த்து முடிவை வெளியிட்டனர். நிமோனியாவுடன் வந்த 500 குழந்தைகளில் 210 பேருக்கு ரிக்கெட்ஸ் இருந்தது. நிமோனியா இல்லாத 500 குழந்தைகளில் 20 பேருக்கு மட்டுமே இருந்தது. குடும்பத்தின் அளவு, வீட்டு நெருக்கடி, தாய்ப்பால் கொடுத்த காலம் போன்றவற்றைக் கணக்கில் கொண்டு பார்த்தபோதும், ரிக்கெட்ஸுக்கும் நிமோனியாவுக்கும் உள்ள தொடர்பு 13 மடங்கு அளவில் நின்றது.

சரி, எலும்பு வளையாத குழந்தைகளின் நிலை என்ன? 2004இல் இந்தூரில் நடந்த ஆய்வின் முடிவு வெளிவந்தது. நிமோனியா போன்ற கடுமையான சுவாச நோயுற்ற 80 குழந்தைகளும் நலமான 70 குழந்தைகளும் அதில் இடம்பெற்றனர். யாருக்கும் வெளியே தெரியும் ரிக்கெட்ஸ் இல்லை. எனினும் ரத்தத்தில் வைட்டமின் டி சற்றுக் கூடுதலாக இருந்த குழந்தைகளுக்குக் கடும் நோய் குறைவாகவே இருந்தது.

இதற்கு இரண்டு விளக்கங்கள் உண்டு. ஒன்று எளியது. மெலிந்த விலா எலும்பும் தளர்ந்த தசையும் கொண்ட மார்பால் பலமாக இருமிச் சளியை வெளியேற்ற முடியாது. தேங்கிய சளியில் கிருமி பெருகும். இரண்டாவது நுட்பமானது. 2006இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்து ஆய்வாளர்கள் அதை விளக்கினர். கிருமியை விழுங்கும் வெள்ளணுக்கள் காசநோய்க் கிருமியை உணர்ந்ததும் வைட்டமின் டியைத் தாமே செயல்படும் வடிவமாக்கிக்கொள்கின்றன. அதன் தூண்டுதலால் கேத்தலிசிடின் என்ற கிருமிக்கொல்லிப் பொருளைச் சுரக்கின்றன. வைட்டமின் குறைந்த ரத்த நீரில் இந்தச் சுரப்பு மந்தமாக நடந்தது. வைட்டமின் டி எலும்புக்கு மட்டுமன்றி, உடலின் காவற்படைக்கும் வேண்டியதே என்று இதனால் தெரிந்தது.

பிறப்பில் வந்த பங்கு

இப்போது மரபின் பக்கம் திரும்புவோம். ஒரு குடும்பத்தில் பலருக்கு ஒரே நோய் வந்தால் அது மரபாலா, ஒரே வீட்டில் வாழ்வதாலா என்று எப்படிப் பிரித்தறிவது? டென்மார்க் ஆய்வாளர்கள் ஒரு வழி கண்டனர். 1924 முதல் 1926 வரை பிறந்து தத்துக் கொடுக்கப்பட்ட 960 பிள்ளைகளின் வரலாற்றை அவர்கள் பின்தொடர்ந்தனர். முடிவு 1988இல் வெளிவந்தது. பெற்ற தாயோ தந்தையோ 50 வயதுக்குள் தொற்றுநோயால் இறந்திருந்தால், பிள்ளையும் அவ்வாறே முன்கூட்டி இறக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 6 மடங்காக இருந்தது. வளர்த்தவர் அவ்வாறு இறந்திருந்தால் வாய்ப்புக் கூடவில்லை! தொற்றுநோயிலும் மரபுக்குப் பங்குண்டு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமோ?

சில மரபணுக் குறைகள் வெளிப்படையானவை. அரிவாளணு ரத்தசோகை அவற்றுள் ஒன்று. இந்தியாவில் இதன் மரபுக்கூறு 1952இல் நீலகிரி மலைவாழ் மக்களிடம் முதலில் அறியப்பட்டது. இந்நோயுள்ள குழந்தைகளின் மண்ணீரல் சீக்கிரமே செயலிழப்பதால் நியூமோகாக்கஸ் அவர்களை எளிதில் தாக்கும். அன்றாடம் பென்சிலின் கொடுத்தால் இத்தகைய கடுந்தொற்று 84 சதவீதம் குறையும் என்று 1986இல் அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. மரபை மாற்ற முடியாவிட்டாலும், மரபை அறிந்து உயிரைக் காக்கலாம் என்பதற்கு இது சான்று.

இத்தகைய பெருங்குறை இல்லாத சாதாரணக் குழந்தைகளிடமும் சிறு வேறுபாடுகள் உண்டு. உயிரணுக்களில் வைட்டமின் டியைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிப் புரதம் ஒன்று இருக்கிறது. வைட்டமினைச் சாவி என்றால் இது பூட்டு. இதற்குரிய மரபணுவில் ஓர் எழுத்து மாறுவதால், சிலருக்கு இப்புரதம் 424 அமினோ அமிலங்களாலும் சிலருக்கு 427ஆலும் ஆகியுள்ளது. 2007இல் ஹாலந்திலும் 2008இல் கனடாவிலும் வெளியான ஆய்வுகள், கடுமையான மூச்சுக்குழல் நோயால் மருத்துவமனையில் சேர்ந்த பச்சிளங் குழந்தைகளிடம் ஒரு வகை மிகுதியாக இருப்பதைக் காட்டின. ஆயினும் கனடா ஆய்வில் இருந்த குழந்தைகள் 120 பேர் மட்டுமே. சிறு கணக்கிலிருந்து பெரிய முடிவு செய்வது ஆபத்து.

2010இல் வெளியான ஆய்வோ மிகப் பெரியது. ஐரோப்பிய வழிவந்த சுமார் 30,000 பேரின் மரபணுக்களை ஆராய்ந்ததில், ரத்தத்தில் வைட்டமின் டி அளவைப் பாதிக்கும் மூன்று முக்கிய இடங்கள் உறுதியாயின. ஒன்று தோலில் உள்ள மூலப்பொருளைச் சார்ந்தது; மற்றொன்று கல்லீரலின் மாற்றத்தைச் சார்ந்தது; மூன்றாவது சுமந்து செல்லும் புரதத்தைச் சார்ந்தது. முன்பு நாம் கண்ட பாதையிலேயே மரபும் கை வைத்திருக்கிறது! ஒரே வெயிலில் ஒரே அளவு நேரம் நின்றாலும் இரு குழந்தைகளின் ரத்தத்தில் வைட்டமின் அளவு ஒன்றாக இராது என்பதன் ஒரு காரணம் இதுவே.

காரணமா, கூட வருவதா?

இதுவரை படித்தவர்கள், "அப்படியானால் எல்லாக் குழந்தைகளுக்கும் வைட்டமின் டி கொடுத்துவிட்டால் நிமோனியா ஒழிந்துவிடுமே!" என்று நினைக்கலாம். ஆய்வாளர்களும் அப்படித்தான் நம்பினார்கள். நம்பிக்கையைச் சோதித்துப் பார்த்ததே இந்த வரலாற்றின் முக்கியமான பகுதி.

ஆப்கானிஸ்தானின் காபூல் நகரில், நிமோனியா வந்த 453 குழந்தைகளைக் கொண்டு ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பிரிவினருக்கு ஒரே தடவையாக ஒரு லட்சம் அலகு வைட்டமின் டி. மற்றவர்களுக்கு மருந்தற்ற போலித் திரவம். நோய் நீடித்த நாள்களில் வேறுபாடில்லை. ஆனால் அடுத்த 90 நாள்களில் நோய் திரும்பியது வைட்டமின் பெற்றவர்களிடம் குறைவு. 2010இல் வந்த இச்செய்தி நம்பிக்கை ஊட்டியது. உடனே அதே நகரில் 3,046 கைக்குழந்தைகளைக் கொண்டு பெரிய ஆய்வு நடத்தினர். மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஒரு லட்சம் அலகாக 18 மாதம் கொடுத்தனர். 2012இல் முடிவு வந்தது. நிமோனியா குறையவில்லை! திரும்பத் திரும்ப வரும் நோய் வைட்டமின் பெற்றவர்களிடம் சற்றுக் கூடுதலாகவே இருந்தது. அதே ஆண்டு டில்லியில் கடும் நிமோனியா கண்ட 200 குழந்தைகளிடம் நடந்த ஆய்விலும், வைட்டமின் டியால் நோய் விரைந்து தீரவில்லை.

ஆயினும் மங்கோலியாவில் வேறு முடிவு கிடைத்தது. கடுங்குளிர் காலத்தில் 247 பள்ளிப் பிள்ளைகளுக்கு அன்றாடம் வைட்டமின் டி சேர்த்த பால் முதலியவற்றைக் கொடுத்தபோது சளித் தொல்லை பாதியாகக் குறைந்ததாக 2012இல் அறிவித்தனர். அப்பிள்ளைகளின் ரத்தத்தில் வைட்டமின் அளவு முதலில் மிகமிகத் தாழ்ந்திருந்தது. 2017இல் 25 ஆய்வுகளின் 10,933 பேரை ஒன்றுசேர்த்துப் பார்த்தனர். மிகக் குறைவாக இருந்தவர்களுக்கு அன்றாடமோ வாராவாரமோ சிறு அளவில் கொடுத்தால் சுவாசத் தொற்று குறைகிறது என்றும், எப்போதாவது பெரும் அளவில் கொடுத்தால் பயனில்லை என்றும் தோன்றியது. மேலும் பல ஆய்வுகள் சேரச் சேரப் பயன் சுருங்கியது. 2025ஆம் ஆண்டுக் கணக்கில், அது தற்செயலா என்று ஐயுறும் அளவுக்குக் குறைந்துவிட்டது.

முதலில் கண்ட பெருந்தொடர்பு எங்கே போயிற்று? நோயாளிக் குழந்தை வெளியே விளையாட வராது, வெயில் படாது, வைட்டமின் குறையும். வறிய வீட்டில் புகை, நெருக்கடி, உணவுக்குறை எல்லாம் ஒன்றாகவே குடியிருக்கும். நோயும் குறையும் ஒரே கூரையின் கீழ் காணப்படுவதால் ஒன்று மற்றொன்றைப் பெற்றது என்று சொல்லிவிட முடியாது.

இந்தச் சிக்கலை அவிழ்க்க மரபணுவே இன்னொரு வகையில் உதவுகிறது. வைட்டமின் அளவைக் கூட்டியோ குறைத்தோ வைக்கும் மரபணு, கருவிலேயே சீட்டுக் குலுக்கியது போல ஒவ்வொருவருக்கும் கிடைத்துவிடுகிறது. வறுமையோ பின்னர் வரும் நோயோ அதை மாற்ற முடியாது. ஆகவே வைட்டமின் குறைவே நோய்க்குக் காரணமானால், குறைந்த சீட்டு விழுந்தவர்களுக்கு நோய் அதிகம் வர வேண்டும். இம்முறையைக் கொவிட் நோயில் கையாண்டு 2021இல் வெளியிட்டனர். அவ்வாறு அதிகம் வந்ததற்குச் சான்றில்லை. கொவிட் வேறு, குழந்தை நிமோனியா வேறு என்பது உண்மை. எனினும் கேள்வியைச் சோதிக்கும் முறை இது.

பெற்றோருக்கு ஒரு சொல்

வைட்டமின் டி வேண்டாத பொருள் என்று யாரும் எண்ண வேண்டாம். ரிக்கெட்ஸ் உள்ள குழந்தைக்கு அது கட்டாயம் தேவை. அதற்காக அளவின்றிக் கொடுப்பதும் தவறு. 1950களில் பிரிட்டனில் குழந்தை உணவுகளில் இதை மிகுதியாகச் சேர்த்தபோது, சில குழந்தைகளின் ரத்தத்தில் கால்சியம் ஏறி வாந்தியும் மெலிவும் உண்டாயின. 1957இல் அளவைக் குறைத்தார்கள். சில குழந்தைகளுக்கு மட்டும் இத்தீங்கு நேர்வது ஏன் என்ற கேள்விக்கு 2011இல் ஒரு விடை கிடைத்தது. மிஞ்சிய வைட்டமின் டியை அழிக்கும் மரபணு சிலரிடம் பழுதுபட்டிருக்கிறது! ஆகவே மருத்துவர் சொன்ன அளவே அளவு.

நிமோனியாவைத் தடுக்க உறுதியாக உதவுபவை வேறு சில உண்டு. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுத்தல், நல்ல உணவு, புகையில்லா அடுப்பு, தடுப்பூசி ஆகியவையே அவை. ஹிப் கிருமிக்கு எதிரான மருந்து அடங்கிய ஐந்து நோய்த் தடுப்பூசி 2011 டிசம்பரில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலுமே இந்தியாவில் முதலில் அரசுத் திட்டத்தில் வந்தது. ஸ்டெர்ன்பெர்க் தம் எச்சிலில் கண்ட நியூமோகாக்கஸுக்கான தடுப்பூசி 2017இல் சில மாநிலங்களில் தொடங்கி, 2021இல் நாடெங்கும் விரிவாயிற்று. இவை மரபு பார்த்து வேலை செய்வதில்லை. பத்துக் குழந்தைகளில் எந்தக் குழந்தைக்கு நோய் முற்றும் என்று முன்கூட்டித் தெரியாத நிலையில், பத்துப் பேருக்கும் போட வேண்டியவை.

நோய் வந்தால் அறிந்துகொள்ளக் கருவி ஏதும் வேண்டாம். நொடிமுள் உள்ள கடிகாரம் போதும். குழந்தை அழாமல் இருக்கும்போது ஒரு நிமிடம் முழுவதும் மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதம் நிரம்பாத குழந்தைக்கு 60, ஒரு வயது நிரம்பும் வரை 50, அதற்கு மேல் ஐந்து வயது வரை 40. மூச்சு இந்த எண்ணிக்கையை எட்டினாலோ, மூச்சு இழுக்கும்போது மார்பின் அடிப்பகுதி உள்ளே குழிந்தாலோ, பால் குடிக்க முடியாமல் போனாலோ அன்றே மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும். வைட்டமின், மரபு பற்றிய ஆராய்ச்சி ஆய்வுக்கூடங்களில் தொடரட்டும். மூச்சை எண்ணும் வேலை வீட்டில் இருப்பவர்களுடையது.